அலை தாண்டியவர்கள் – 19: மருந்துக்குக்கூட…

2010 ஏப்ரல் 16, வெள்ளிக்கிழமை இரவு. கோலாலம்பூரிலிருந்து வந்த விமானம் மீனம்பாக்கத்தில் இறங்குகிறது. பயணிகள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வரிசையாக வெளியேறுகிறார்கள். எண்பது வயது மூதாட்டி ஒருவர் மட்டும் இறங்கவில்லை. பக்கவாதம் தாக்கிய உடம்பு. துணைக்கு ஒரு பெண். கையில் கோலாலம்பூர் இந்தியத் தூதரகம் கொடுத்த ஆறு மாத விசா. வந்த காரணம், வைத்தியம்.

குடியேற்றத் துறை அதிகாரிகள் அவரை இறங்க விடவில்லை. வெளியே வைகோவும் பழ. நெடுமாறனும் காத்திருந்தார்கள், அவர்களையும் உள்ளே விடவில்லை. வந்த விமானத்திலேயே மூதாட்டி திருப்பி அனுப்பப்பட்டார்.

அந்த நேரத்தில் மீனம்பாக்கத்திலிருந்து கிண்டி வழியாக அடையாறுக்கோ மயிலாப்பூருக்கோ வந்து சேர அரைமணி நேரம் போதும். வெளிநாட்டு நோயாளிகள் வாரம் தவறாமல் வந்திறங்கும் ஊர் இது. மருத்துவத் தலைநகர் என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும் ஊரும்கூட. அன்றிரவு இங்கே கட்டிலுக்குப் பஞ்சமில்லை.

மூதாட்டியின் பெயர் பார்வதி. அவருடைய மகன் பெயர் பிரபாகரன்.

துளிகூட இல்லை என்பதை ‘மருந்துக்குக்கூட இல்லை’ என்று சொல்வது தமிழ் வழக்கு. அகதிகளின் வரலாற்றில் அந்த வழக்குக்கு நேர்ப்பொருளே உண்டு. ஈழத்து நோயாளியைத் தொட மறுத்தார்கள் என்று சென்னை மருத்துவர்கள்மேல் பழி போட முடியாது. கட்டில் எப்போதும் இருந்தது. கட்டிலுக்குப் போகும் வழிதான் ஆட்சிக்கு ஒரு விதமாக, ஆண்டுக்கு ஒரு விதமாகத் திறந்தும் அடைத்தும் கிடந்தது. இந்த அத்தியாயம் அந்த வழியைப் பற்றியது.

முந்தைய அத்தியாயங்களில் மண்டபம் முகாமைப் பலமுறை கடந்து வந்திருக்கிறோம். அது முதலில் எதற்காக ஏற்பட்டது என்பதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். அகதிகளுக்காக அல்ல, கிருமிகளுக்காக. தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்கள் காலராவையும் பிளேக்கையும் கூடவே கொண்டுவந்துவிடுவார்கள் என்று இலங்கைத் தோட்டத் துரைமார்களுக்குப் பயம். ஆட்கள் வேண்டும், ஆனால் அவர்களுடைய நோய் வேண்டாம். அதற்காக இலங்கை அரசு இந்திய மண்ணிலேயே முகாம் நடத்தியது. திருநெல்வேலியிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்த குடும்பங்களை அங்கே பல நாள் நிறுத்தி, குளிப்பாட்டி, துணிமணிகளுக்கு ஆவி காட்டி, அம்மைப்பால் குத்தி, அதன் பிறகே கப்பலேற்றினார்கள். எந்தத் தோட்டத்துக்கான ஆள் என்று தெரிய எண் பொறித்த தகரவில்லை ஒன்று ஒவ்வொருவரிடமும் இருந்தது. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்தபின் இந்தப் பாதையில் கூட்டம் பெருகியது.

1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. அந்தத் தொழிலாளர்களின் பேரன் பேத்திகள் திரும்பி வந்தபோது அவர்களை வரவேற்றதும் அதே மண்டபம்தான். 1983க்குப் பிறகு ஈழத்து அகதிகளுக்கும் அதுவே முதல் கூரை. நோயை வடிகட்டுவதற்காகக் கட்டிய இடத்தில் பின்னாளில் ஆட்களை வடிகட்டினார்கள்.

அகதியும் நோயும் அரசியலும் ஒன்றாகக் கலந்து மயிலாப்பூர்க்காரர்களின் கைக்கே ஒருமுறை வந்தன. பலர் கவனித்திருக்க மாட்டார்கள். கிழக்கு வங்கத்திலிருந்து ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் வந்த ஆண்டு 1971. அவர்களுக்கான செலவில் ஒரு பங்கை ஈடுகட்ட, நவம்பர் 15 முதல் நாட்டில் எந்தக் கடிதம் போட்டாலும் கூடுதலாக 5 பைசா ‘அகதிகள் நிவாரண’த் தலை ஒட்ட வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. புதுத் தலை அச்சடிக்க அவகாசமில்லை. புழக்கத்தில் இருந்த 5 பைசா தலையை எடுத்து அதன்மேலேயே ‘அகதிகள் நிவாரணம்’ என்று அச்சடித்து விற்றார்கள். அந்தப் பழைய தலை எது தெரியுமா? குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத் தலை! அளவான குடும்பத்தின் படத்துக்குமேல் அகதிகள் என்ற சொல். கல்யாணப் பத்திரிகையானாலும் வேலைக்கு விண்ணப்பமானாலும் கச்சேரி ரோடு தபால்பெட்டியில் விழுந்த உறைகளில் அது ஒட்டியிருந்தது. 1973 மார்ச் வரை அந்த வரி நீடித்தது.

அந்தக் கிழக்கு வங்க அகதிகளின் முகாம்களில் காலரா பரவியது. எல்லையோர போங்காவில் நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலநபிஸ் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே குவளையைக் கொடுத்துப் புகட்டச் சொன்னார். 30 சதவிகிதம் வரை போயிருந்த சாவு விகிதம் 3.6 சதவிகிதமாக இறங்கியது. இன்று எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் உலகின் நம்பிக்கையைப் பெற்றது ஓர் அகதி முகாமில்தான். டில்லிக்கோ அந்த முகாம்கள் வேறொரு வகையிலும் பயன்பட்டன. ஒரு கோடிப் பேரின் பசியையும் பேதியையும் உலகத் தலைநகரங்களில் எடுத்துவைத்துத்தான் இந்திரா காந்தி போருக்கான நியாயத்தைத் திரட்டினார்.

சென்னைக்கு வருவோம்.

1982 மே 19, தியாகராய நகர் பாண்டி பஜார். விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனும் அவரிடமிருந்து பிரிந்துபோன உமாமகேஸ்வரனும் நேருக்கு நேர் சந்தித்துத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார்கள். உமாவுடன் வந்த இளைஞர் காயம்பட்டார். புடவைக் கடைகளுக்கும் பாத்திரக் கடைகளுக்கும் நடுவே ஈழத்து ரத்தம் சிந்திய முதல் மாலை அது. இருவரையும் தன்னிடம் ஒப்படைக்கச் சொன்னது இலங்கை. கூடாது என்பதில் தமிழகக் கட்சிகள் ஒன்றாக நின்றன. இருவருக்கும் ஜாமீன் கிடைத்தது.

அடுத்த ஆண்டு இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான கறுப்பு ஜூலைக் கலவரம். 1983 ஜூலை 24 முதல் 1987 ஜூலை இந்திய–இலங்கை ஒப்பந்தம் வரையிலான முதல் அலையில் மட்டும் அரசுக் கணக்கில் தமிழகத்துக்கு வந்தவர்கள் 1,34,053 பேர். கையில் ஒன்றுமில்லாமல் வள்ளத்தில் வந்தவர்கள் முகாம்களுக்குப் போனார்கள். கொஞ்சம் பணமோ வெளிநாட்டில் ஒரு பிள்ளையோ உள்ளவர்கள் சென்னைக்கு வந்து அடையாறு, பெசன்ட் நகர், தி. நகர், கே.கே. நகர், விருகம்பாக்கம் என்று வாடகைக்கு வீடு பிடித்தார்கள். அரசுத் தாள்களில் இவர்களுக்கு ‘வெளிப்பதிவு’ என்று பெயர். தெருவில் ‘சிலோன்காரங்க’.

முதல் சிக்கல் மொழியில் வந்தது. இரு பக்கமும் தமிழ்தான், ஆனாலும் வந்தது. பாண்டி பஜார் பக்கம் டாக்டர் எதிரே வந்து உட்கார்ந்த யாழ்ப்பாணத்து அம்மா, பிள்ளைக்குத் ‘தடிமன்’ என்பார். டாக்டர் பிள்ளையின் உடம்பைப் பார்ப்பார். ஜலதோஷம் என்று புரிய இரண்டு கேள்வி தேவைப்படும். ‘சத்தி’ என்றால் வாந்தி, ‘வயித்தோட்டம்’ என்றால் பேதி, ‘குளிசை’ என்றால் மாத்திரை. ஒரு வேளை குளிசை போட்டும் ‘ஏலாமல்’ கிடக்கிறான் என்று சொன்னால் கம்பவுண்டர் தலையைச் சொறிவார். அந்தச் சொற்களை மாற்றிக்கொள்ளச் சிலருக்குச் சில மாதம் போதும்; மாற்றிக்கொள்ளாமலே வாழ்ந்து போனவர்களும் உண்டு. 1991க்குப் பிறகு அதே ‘குளிசை’ வேறொரு பிரச்சினையானது. வாயைத் திறந்தாலே ஆள் யார் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

1984இல் சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் தொடங்கியது. தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி. சந்திரகாசன் அதன் நிறுவனர். வெளியார் வந்து அகதிக்குச் சேவை செய்வதைவிட, அகதியையே சேவைக்குப் பழக்குவது என்ற முடிவுதான் இந்த அமைப்பின் சிறப்பு. முகாம்வாசிகளிலிருந்தே, குறிப்பாகப் பெண்களிலிருந்து, சுகாதாரத் தொண்டர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். கர்ப்பிணிகளின் கணக்கு, குழந்தைகளின் எடை, தடுப்பூசி, கழிவறை, குடிநீர் எல்லாம் அவர்கள் பொறுப்பு. சத்துக் குறைவுக்கு ஸ்பைருலினா என்னும் நீலப்பச்சைப் பாசியைத் தொட்டிகளில் வளர்த்துக் கொடுத்தார்கள்.

சந்திரகாசனையும் அரசியல் சும்மா விடவில்லை. 1985 ஆகஸ்டில் இலங்கை அரசுக்கும் தமிழ் இயக்கங்களுக்கும் இடையிலான திம்புப் பேச்சுவார்த்தை முறிந்தது. கோபத்தில் டில்லி, புலிகளின் ஆலோசகர் அன்டன் பாலசிங்கம், வழக்கறிஞர் சத்தியேந்திரா, சந்திரகாசன் மூவரையும் நாடு கடத்த உத்தரவிட்டது. சந்திரகாசனை அமெரிக்காவுக்கு விமானமேற்றினார்கள். தமிழகம் கொதித்ததும் திரும்பி வரவிட்டார்கள். முகாமில் குழந்தைக்கு எடை பார்க்கும் திட்டத்தின் தலைவர் பேச்சுவார்த்தை மேசையில் பகடைக்காயாகவும் இருந்தார் என்பதே அந்தக் காலத்தின் லட்சணம்.

வேறொரு வகை நோயாளிகளும் அப்போது இருந்தார்கள். வடக்கில் சண்டையில் காயம்பட்ட இயக்கப் பையன்கள் இரவோடிரவாக வள்ளத்தில் வேதாரண்யம் கரைக்கு வந்து, தமிழக மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். அது ஊரறிந்த ரகசியம். எம்.ஜி.ஆர். ஆட்சி கண்டும் காணாமல் இருந்தது. டில்லியின் உளவுத்துறைக்கோ எல்லாமே தெரியும். அந்தப் பையன்களுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பது அன்று தேசத்துரோகம் ஆகவில்லை, பெருமையாக இருந்தது.

புலிகளின் தளபதி கிட்டு என்ற சதாசிவம் கிருஷ்ணகுமாரின் கதை இந்தத் தலைகீழ் மாற்றத்தை ஒரே உடம்பில் காட்டும். 1987 மார்ச் மாதம் யாழ்ப்பாணத்தில் கையெறிகுண்டு வீச்சில் ஒரு காலை இழந்தார். சிகிச்சைக்குச் சென்னை வந்தார். அவர் ஒற்றைக்காலில் நடக்கப் பழகிக்கொண்டிருந்த சில மாதங்களுக்குள் ஜூலை ஒப்பந்தம் வந்தது; அக்டோபரில் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. சென்னையில் நோயாளியாக இருந்தவர் எதிரிப் படைத் தளபதியாகிவிட்டார்! ஆனாலும் உடனே சிறையில் அடைக்கவில்லை. டில்லி அவரோடு பேசிப் பார்த்தது. வீட்டுக்காவல், பிறகு சிறை, உண்ணாவிரதம். 1988 அக்டோபரில் விமானத்தில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

அமைதிப்படை இலங்கையில் இருந்த அந்த இரண்டரை ஆண்டுகள் சென்னை வாழ்ந்த இரட்டை வாழ்க்கையைப் பற்றி இன்னும் யாரும் முழுதாக எழுதவில்லை. அமைதிப்படையில் காயம்பட்ட ஜவான்கள் இங்குள்ள ராணுவ மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களைச் சுட்டவர்களில் காயம்பட்டோருக்கும் தமிழக மண்ணிலேயே கட்டுப் போடப்பட்டது. ஏறத்தாழ 1,200 ஜவான்களைப் பலிகொடுத்து, 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் கடைசிக் கப்பல் வந்து நின்றபோது வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை.

1991 மே 21. ஸ்ரீபெரும்புதூர்.

ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட அந்த இரவுக்குப் பின் ‘சிலோன்காரங்க’ என்ற சொல்லின் தொனியே மாறியது. வெளிப்பதிவுக் குடும்பங்களைக் காவல் நிலையத்தில் போய்ப் பதியச் சொன்னார்கள். வீட்டுக்காரர்கள் காலி பண்ணச் சொன்னார்கள். அகதிப் பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை நின்றது. தொண்டு நிறுவனங்கள் முகாம்களுக்குள் போவதற்குத் தடை வந்தது. வெளியார் உள்ளே போக முடியாத அந்த நாட்களில்தான் சந்திரகாசன் அமைப்பின் பழைய முடிவு எவ்வளவு தீர்க்கமானது என்று தெரிந்தது. சுகாதாரத் தொண்டர் முகாமுக்குள்ளேயே வசிக்கும் அகதி. அவரை எந்த வாசலில் தடுப்பது?

1992 ஜனவரியில் திருப்பி அனுப்பும் படலம் ஆரம்பமானது. ‘விருப்பத்தின் பேரில்’ என்றது அரசு. முகாமில் கொடுத்த விருப்பப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. கையெழுத்துப் போட்டவர்களில் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. பழ. நெடுமாறனும் டாக்டர் ராமதாசும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். (திண்டிவனத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ராமதாஸ் நோயாளிகளை விட்டு அரசியலுக்கு வந்தவர் என்பதை இந்த அத்தியாயத்தில் சொல்லாமல் விட முடியாது.) நீதிமன்றம் தலையிட்டது. கடைசியில் அந்த ஜூலையில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தோடு உடன்பாடு செய்துகொண்ட இந்தியா, விருப்பத்தைச் சரிபார்க்கச் சென்னையில் ஆணைய அலுவலகத்தை அனுமதித்தது. 1995 மார்ச்சுக்குள் 54,188 பேர் திரும்பிப் போனார்கள்.

அடிப்படையில் ஒரு சட்டக் குழி இருக்கிறது. அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. இந்தியச் சட்டத்தின் கண்ணில் அகதி என்று ஒருவர் கிடையாது. வெளிநாட்டவர் உண்டு, அவ்வளவுதான். 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்தை வைத்துத்தான் செங்கல்பட்டு, பூந்தமல்லி, பின்னர் திருச்சி என்று ‘சிறப்பு முகாம்கள்’ நடந்தன. சிறை என்று பெயரில்லாத சிறைகள். அங்கிருந்து ஓர் ஆளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகக்கூடக் காவல் ஏற்பாடு செய்தாக வேண்டும். ஆகவே அகதிக்குக் கிடைத்த எந்த வைத்தியமும் உரிமையாகக் கிடைக்கவில்லை. அன்றைய அரசின் மனநிலையாகக் கிடைத்தது.

பாலசிங்கத்தின் சிறுநீரகம் இதற்கு இன்னொரு சாட்சி. 1998இல் வன்னிக் காட்டில் அவர் உடல்நிலை மோசமானபோது, வெளிநாட்டுக்கு அனுப்பக் கொழும்பு அரசு நிபந்தனைகள் போட்டது. புலிகள் ஏற்கவில்லை. கடல் வழியாக ரகசியமாக வெளியேறிய அவருக்கு ஆஸ்லோவில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். 2002இல் போர்நிறுத்தம் வந்ததும், வைத்திய வசதிக்காகவும் வன்னிக்குப் பக்கம் என்பதற்காகவும் சென்னையில் தங்கிப் பேச்சுவார்த்தை நடத்த விரும்பினார். ஜெயலலிதா கடுமையாக எதிர்த்தார். பிரபாகரனைப் பிடித்து ஒப்படைக்கக் கோரிச் சட்டமன்றத்தில் தீர்மானமும் போட்டார். பேச்சு தாய்லாந்துக்குப் போனது.

2009க்கு வருவோம். முள்ளிவாய்க்காலில் போரின் கடைசி வாரங்களில் காயம்பட்டவர்களின் எண்ணிக்கையை வெளியுலகுக்குச் சொன்னவர்கள் அரசு மருத்துவர்களே: சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா. மே மாதம் ராணுவம் அவர்களைப் பிடித்தது. ஜூலையில் கொழும்பில் பத்திரிகையாளர்முன் உட்கார வைத்து, சொன்ன கணக்கெல்லாம் புலிகளின் நெருக்குதலில் சொன்ன பொய் என்று சொல்ல வைத்தார்கள். நோயாளியை எண்ணுவதே குற்றமான இடம் அது. புல்மோட்டையில் இந்தியா ஒரு கள மருத்துவமனை போட்டிருந்தது. குண்டைத் தடுக்காமல் கட்டுத்துணி அனுப்புகிறார்களே என்று சென்னை மேடைகளில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கட்டுத்துணியால் பிழைத்தவர்களும் இருக்கிறார்கள்.

அதே ஆண்டு ஜூனில் சென்னைக் கடலுக்கு வெளியே ஒரு கப்பல் நின்றது. புலம்பெயர்ந்த தமிழர்கள் ஐரோப்பாவில் வீடு வீடாகச் சேர்த்த 884 டன் உணவும் மருந்தும் அதில். ‘வணங்கா மண்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இலங்கைக் கடற்படை மறித்துச் சோதித்தது, ஆயுதம் இல்லை, ஆனாலும் இறக்கக் கூடாது என்று துரத்திவிட்டது. அப்போது செட்டிகுளம் முகாம்களில் ஏறத்தாழ 2,80,000 பேர் முள்வேலிக்குள் இருந்தார்கள். கப்பல் சென்னைக்கு வந்து நாள்கணக்கில் நங்கூரம் போட்டுக் கிடந்தது. கடிதங்கள், தூதுகள், பேச்சுகள். ஜூலையில் சரக்கு சென்னையில் இறங்கி, செஞ்சிலுவைச் சங்கத்தின் பெயரில் வேறொரு கப்பலேறிக் கொழும்புக்குப் போனது. கொழும்புத் துறைமுகத்தில் கட்டணத் தகராறில் மறுபடி மாதக்கணக்கில் கிடந்தது.

13 ஆண்டு கழித்து, 2022 மே 18 அன்று, சென்னைத் துறைமுகத்திலிருந்தே இன்னொரு கப்பல் கொழும்புக்குப் புறப்பட்டது. 9,000 டன் அரிசி, 200 டன் பால்பவுடர், 24 டன் உயிர்காக்கும் மருந்துகள். முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்தார். பொருளாதாரம் குலைந்து, இலங்கை மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சையைத் தள்ளிவைக்கும் அளவுக்கு மருந்துத் தட்டுப்பாடு. இம்முறை கொழும்பில் மாலை மரியாதை. துறைமுகமும் மாறவில்லை, கடலும் மாறவில்லை; மருந்தை அனுப்பியவர் யார், பெறுபவர் யார் என்பது மட்டும் மாறியிருந்தது.

நல்லதும் நடந்தது. மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் நடுவே ராஜா அண்ணாமலைபுரத்தில் 1986 முதல் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் நிறுவனர் டாக்டர் லட்சுமி விஜயகுமார், தன் குழுவோடு அகதி முகாம்களில் ஓர் ஆய்வு செய்தார். மருத்துவரோ மனநல நிபுணரோ முகாமுக்கு நாள்தோறும் போக முடியாது. ஆகவே முகாம்வாசிகளையே தொண்டர்களாகப் பழக்கினார்கள். மனமுடைந்த ஒருவரை அவ்வப்போது போய்ப் பார்த்துப் பேசுவது ஒரு வேலை. தாங்க முடியாத நேரத்தில் யாரிடம் போகலாம் என்பதை அவரோடு உட்கார்ந்து ஓர் அட்டையில் எழுதிவைப்பது இன்னொரு வேலை. அட்டையில் ஒரு பக்கத்து வீட்டு அக்கா, ஒரு வாத்தியார், ஒரு தொலைபேசி எண். இந்த ஏற்பாடு நடந்த முகாமில் தற்கொலை முயற்சிகள் குறைந்ததாக 2017இல் வெளியான ஆய்வு சொல்கிறது. முகாமுக்குள் பிறந்து, முகாமுக்குள் கல்யாணமாகி, எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் முப்பதைத் தாண்டியவர்களின் மனச்சோர்வுக்கு வேர் எங்கே இருக்கிறது என்பதை அந்த அட்டையால் மாற்ற முடியாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை.

மாநில அரசு தன் கைக்கு எட்டியதைச் செய்திருக்கிறது. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் முகாம்வாசிகளைச் சேர்த்தது. 2021 ஆகஸ்டில் 317.40 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது, பணக்கொடை உயர்ந்தது, ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. அப்போதைய கணக்கில் 108 முகாம்களில் 58,822 பேர், வெளிப்பதிவில் 34,087 பேர்.

விமானத்தில் விட்டுவந்த பார்வதி அம்மாளுக்குத் திரும்புவோம். மகனின் இயக்கம் வளர்ந்துவந்த காலத்தில் கணவர் வேலுப்பிள்ளையோடு திருச்சி மாவட்டம் முசிறியில் பல ஆண்டு வாழ்ந்தவர் அவர். தெருக்காரர்களுக்கு இவர்கள் அமைதியான வயதான தம்பதி. 2003இல் இருவரும் வன்னிக்குத் திரும்பினார்கள். அந்த ஆண்டு ஜெயலலிதா அரசு கேட்டுக்கொண்டதன்பேரில் இருவர் பெயரும் தடைப் பட்டியலில் ஏறின என்று 2010இல் கருணாநிதி சொன்னார். ஆட்சி மாறி நாலு ஆண்டு ஆகியும் பட்டியல் மாறவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. போர் முடிந்தபின் ராணுவக் காவலில் இருந்த வேலுப்பிள்ளை 2010 ஜனவரியில் இறந்தார்.

ஏப்ரல் சம்பவம் பெரும் கண்டனத்தைக் கிளப்பியது. வழக்கும் போட்டார்கள். பிறகு டில்லி மனமிரங்கியது: வரலாம், வைத்தியத்துக்கு மட்டும், மருத்துவமனையில் மட்டும், அரசியல்காரர்கள் தொடர்பு கூடாது. பக்கவாதத்தில் கிடக்கும் எண்பது வயது அம்மாள் யாரோடு என்ன அரசியல் பேசியிருப்பார் என்று யாரும் விளக்கவில்லை. அவர் வரவில்லை, இலங்கைக்கே போனார். 2011 பிப்ரவரி 20 அன்று வல்வெட்டித்துறை மருத்துவமனையில் காலமானார்.

இந்தத் தொடரின் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1983க்கும் 1991க்கும் இடையே தி. நகரிலும் மயிலாப்பூரிலும் அடையாறிலும் ஈழத்து நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்கள், செவிலியர்கள், கம்பவுண்டர்கள், மருந்துக் கடைக்காரர்கள் பலர் இன்று எண்பதைத் தொடுகிறார்கள். பல காரணங்களால் அவர்கள் அப்போது வாய் திறக்கவில்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், அவர் சொல்வதைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம். என்ன நோய், எந்த ஆண்டு, யார் அழைத்து வந்தார்கள், பீஸ் வாங்கினாரா என்பது போதும்.